ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்: சமூக ஊடக விளம்பர பட்ஜெட் பாடங்கள் மீது ஒரு விமர்சனம்

சிறு வியாபாரிகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் சொல்லித்தரும் வீடியோக்களும் வகுப்புகளும் இப்போது தமிழில் ஏராளம். ஆட்ஸ் மேனேஜர் கணக்கை எப்படித் திறப்பது, எந்த ஊரில் யாருக்குக் காட்டுவது, ரீல்ஸை எப்படி எடுப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே சொல்லித்தருகிறார்கள். அந்தப் பகுதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. "சரி, எவ்வளவு பணம் போடலாம்?" என்ற கேள்வி வரும் இடத்தில்தான் பாடம் தடுமாறுகிறது.

அந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப மூன்று பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, விற்பனையில் ஏழோ எட்டோ சதவீதத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கு. இரண்டு, தினம் இருநூறு முந்நூறு ரூபாயில் நாலைந்து விளம்பரங்களை விட்டுப் பார், எது ஜெயிக்கிறதோ அதில் பணத்தைக் கொட்டு. மூன்று, ரோஆஸ் நாலுக்கு மேல் இருக்கும்வரை பட்ஜெட்டை ஏற்றிக்கொண்டே போ. ரோஆஸ் என்றால் விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்று டேஷ்போர்டு காட்டும் எண். ஐந்து என்று காட்டினால் ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் விற்பனை.

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன: விளம்பரமே போடாமல் இருந்திருந்தால் எவ்வளவு விற்றிருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் போடும் பட்ஜெட் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் குத்துமதிப்புதான்.

பெரிய கம்பெனிக்கு விளம்பரச் செலவில் கொஞ்சம் வீணானால் அது ஆண்டறிக்கையில் ஒரு வரி. நகையை வைத்து முதல் போட்டு வீட்டிலிருந்து புடவை விற்பவருக்கு அதே தவறு அந்த மாதத்து லாபம் முழுவதும். அதனால் இந்தப் பாடங்களைக் கொஞ்சம் கடுமையாகவே படித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

சதவீதக் கணக்கு

"விற்பனையில் இத்தனை சதவீதம்" என்பது சமூக ஊடகம் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்பே இருந்த வழக்கம். அதன் மீதான விமர்சனமும் அதே அளவு பழசு. ஜோயல் டீன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1951-லேயே இதன் ஓட்டையைக் காட்டிவிட்டார். விளம்பரம் விற்பனையை உண்டாக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? இந்த முறையில் விற்பனை விளம்பரத்தை உண்டாக்குகிறது. காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

நம்மூர் உதாரணமே போதும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் துணிக்கடைகளில் விற்பனை தானாக ஏறும். சதவீதக் கணக்குப்படி போனால் அப்போதுதான் விளம்பர பட்ஜெட்டும் ஏறும். ஊரில் இருக்கிற எல்லாக் கடைகளும் அதையே செய்யும். மெட்டாவில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும்போது விலையும் ஏறும். கடைசியில், தானாக வரக்கூடிய விற்பனைக்கு, விலை உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து அதிகமாகச் செலவு செய்திருப்போம். அப்புறம் டேஷ்போர்டைப் பார்த்து "தீபாவளிக்கு விளம்பரம் சூப்பரா வேலை செஞ்சுது" என்று முடிவும் கட்டுவோம்.

சதவீதமே கூடாதா என்றால், அப்படி இல்லை. 1954-இல் டார்ஃப்மன், ஸ்டைனர் என்ற இருவர் ஒரு எளிய சமன்பாட்டைத் தந்தார்கள். விற்பனையில் எத்தனை சதவீதம் விளம்பரத்துக்குப் போகலாம் என்பது இரண்டே விஷயங்களின் பெருக்கல்: விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் கையில் நிற்கும் பங்கு, விளம்பரத்தைக் கூட்டினால் விற்பனை எவ்வளவு அசைகிறது என்ற அளவு.

இரண்டாவது அளவுக்கு 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உதவுகிறது. சேதுராமன், டெல்லிஸ், பிரீஷ் ஆகிய மூவர் 1960 முதல் 2008 வரை வெளிவந்த 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குறுகிய கால சராசரி 0.12. அதாவது விளம்பரச் செலவை 10 சதவீதம் கூட்டினால் விற்பனை சுமார் 1.2 சதவீதம் கூடும். செலவை இரட்டிப்பாக்கினாலும் விற்பனை பத்து சதவீதம்கூட ஏறாது. நீண்ட கால சராசரி 0.24.

இதை வைத்துக் கணக்குப் போடலாம். 1,500 ரூபாய்க்கு ஒரு புடவை விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 900, பேக்கிங்கும் கூரியரும் 120, திரும்பி வரும் பார்சல்களால் ஏற்படும் நஷ்டத்துக்குப் புடவைக்கு 80. கையில் நிற்பது 400 ரூபாய், அதாவது விலையில் சுமார் 27 சதவீதம். அதை 0.12-ஆல் பெருக்கினால் 3.2 சதவீதம். வீட்டில் அரைத்து விற்கும் மசாலாப் பொடியில் 60 சதவீதம் நிற்கிறது என்றால் 7.2 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கனவே பெயர் வாங்கிய பிராண்டுகளைப் பற்றியவை, சமூக ஊடகத்துக்கு முந்தைய காலத்தவை. சொல்ல வருவது இதுதான்: எல்லோருக்கும் பொதுவான "எட்டு சதவீதம்" என்று ஒன்று கிடையாது. பொடிக்காரருக்குச் சரியாக வருவது புடவைக்காரரை முடித்துவிடும். லாப விகிதத்தைக் கேட்காமல் சதவீதம் சொல்கிறவர், நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற மாதிரி.

ரோஆஸ் எதை எண்ணுகிறது?

டேஷ்போர்டில் வரும் ரோஆஸ் பொய் எண் இல்லை. ஆனால் அது எண்ணுவது நாம் நினைக்கும் விஷயத்தை அல்ல. மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் ஏழு நாளுக்குள் வாங்கினாலும், கிளிக் செய்யாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். அதாவது விளம்பரத்தைப் *பார்த்த பிறகு* நடந்த விற்பனை. விளம்பரத்*தால்* நடந்த விற்பனை என்பது வேறு.

இரண்டுக்கும் உள்ள தூரம் சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் இந்த இயந்திரத்தின் திறமையே அந்தத் தூரத்தைப் பெரிதாக்குகிறது. "வாங்கக்கூடியவர்களைக் கண்டுபிடி" என்று நாம் சொல்கிறோம். அது கண்டுபிடிக்கிறது. யார் வாங்கக்கூடியவர்? நேற்று நம் பக்கத்தை மூன்று தடவை திறந்தவர். போன மாதம் வாங்கியவர். கார்ட்டில் போட்டுவிட்டுச் சம்பளத் தேதிக்காகக் காத்திருப்பவர். இவர்களில் பலர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டவருக்குப் போய் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு, "பாருங்க, நான் கூப்பிட்ட எல்லாரும் சாப்பிட வந்துட்டாங்க" என்று சொல்கிற கதைதான்.

இது வெறும் சந்தேகம் இல்லை. கார்டன், செட்டல்மேயர், பார்கவா, சாப்ஸ்கி ஆகிய நால்வர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக்கில் நடந்த 15 அமெரிக்க விளம்பரச் சோதனைகளைப் பரிசீலித்தது. அவர்களில் இருவர் ஃபேஸ்புக்கிலேயே வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு சோதனையிலும் குலுக்கல் முறையில் ஒரு பகுதி மக்களுக்கு விளம்பரத்தைக் காட்டாமல் வைத்திருந்தார்கள். அதனால் உண்மையான விளைவு என்ன என்று தெரியும். பிறகு, அந்தக் குலுக்கலே நடக்காத மாதிரி பாவித்து, விளம்பரம் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் வயது, ஊர், பழக்கவழக்கம் எல்லாம் பொருத்திப் பார்த்துப் புள்ளியியல் முறைகளால் விளைவை மதிப்பிட்டார்கள். 50 கோடி பதிவுகள், 160 கோடி விளம்பரக் காட்சிகள். இவ்வளவு தரவு இருந்தும் பாதி ஆய்வுகளில் மதிப்பீடு உண்மையிலிருந்து மூன்று மடங்கு விலகியிருந்தது. பெரும்பாலும் மிகைப் பக்கம்தான்.

ஃபேஸ்புக்கின் உள் தரவும் தேர்ந்த புள்ளியியலாளர்களும் சேர்ந்தே தப்பாகக் கணிக்கும் ஒன்றை, போன் திரையில் வரும் ஒற்றை எண்ணை வைத்து நாம் எப்படி முடிவு செய்வது?

தேடல் விளம்பரத்தில் இதைவிடப் பிரபலமான ஒரு சோதனை உண்டு. ஈபே நிறுவனம் 2012-இல், "ஈபே" என்று தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை யாகூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கூட்டத்தில் 99.5 சதவீதம் பேர் இலவசமாகக் காட்டப்படும் தேடல் முடிவு வழியாக அப்படியே வந்து சேர்ந்தார்கள். ஈபேயைத் தேடியவர் ஈபேக்குத்தானே போவார்? அந்தக் கிளிக்குகளுக்கு அத்தனை நாள் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே புடவையில் இன்னொரு கணக்கு

இப்போது நம் புடவைக்கே திரும்பலாம். கையில் நிற்பது 400 ரூபாய் என்றால், அசலாவது வருவதற்குத் தேவையான ரோஆஸ் 1,500-ஐ 400-ஆல் வகுத்தால் வரும் 3.75. "நாலு இருந்தா போதும்" என்ற விதி இவருக்கு ஏதோ தற்செயலாகப் பொருந்துகிறது. மசாலாப் பொடிக்காரருக்கு 1.67-லேயே அசல் வந்துவிடும். அவர் நாலு வரவில்லை என்று விளம்பரத்தை நிறுத்தினால் நல்ல லாபத்தை நிறுத்துகிறார் என்று அர்த்தம்.

புடவைக்காரர் ஒரு மாதம் 9,000 ரூபாய் போடுகிறார். டேஷ்போர்டு 30 புடவை, 45,000 ரூபாய் விற்பனை, ரோஆஸ் 5 என்று காட்டுகிறது. 30 முறை 400 என்றால் 12,000. செலவு போக லாபம் 3,000. சந்தோஷம்.

அந்த முப்பதில் பத்துப் பேர் விளம்பரம் இல்லாமலும் வாங்கியிருக்கக்கூடிய பழைய கஸ்டமர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் விளம்பரம் கொண்டுவந்தது 20 புடவை, 8,000 ரூபாய். செலவு 9,000. ஆயிரம் ரூபாய் நஷ்டம். இதற்கு மேல் விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு: 1,620 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு செய்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. பதிவு இல்லாதவருக்கும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அது சுத்தமான செலவு. அவருடைய நஷ்டம் 2,620.

டேஷ்போர்டு அப்போதும் பச்சை நிறத்தில் 5 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

"பட்ஜெட்டை ஏற்றிக்கொண்டே போ" என்ற அறிவுரையில் இன்னொரு பொறி இருக்கிறது. இதற்கு டேஷ்போர்டை முழுசாக நம்பினாலும் போதும், கணக்கு இடிக்கும். அடுத்த மாதம் அவர் 9,000-ஐ 18,000 ஆக்குகிறார். 48 புடவை விற்கிறது. விற்பனை 72,000, ரோஆஸ் 4. இன்னும் 3.75-க்கு மேலேதான் இருக்கிறது, "லாபம்தானே" என்று தோன்றும். ஆனால் கூடுதலாகப் போட்ட 9,000-க்குக் கிடைத்தது 18 புடவை மட்டும், அதாவது 7,200 ரூபாய். அந்த இரண்டாவது ஒன்பதாயிரத்தில் 1,800 ரூபாய் போய்விட்டது. மொத்த லாபம் 3,000-இலிருந்து 1,200-ஆகக் குறைந்திருக்கிறது. ஒன்றரை மடங்குக்கு மேல் பார்சல் கட்டி, ஒன்றரை மடங்குக்கு மேல் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி, பாதிக்கும் குறைவான லாபம்.

விளம்பரம் முதலில் சுலபமாக வாங்குபவர்களிடம் போகும், போகப்போக மனசில்லாதவர்களிடம் போகும். ஆகவே சராசரி எண் எப்போதும் கடைசி ரூபாயின் நிலையை மறைக்கும். பட்ஜெட் முடிவு என்பது கடைசி ரூபாயைப் பற்றிய முடிவு. இதைப் பாடங்களில் ஏன் சொல்வதில்லை? செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்கும் ஏஜென்சிக்கு 18,000 என்பது 9,000-ஐவிட நல்ல மாதம். யாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னச் சோதனையின் சிக்கல்

"அப்படின்னா சோதிச்சுப் பார்த்துக்கலாமே" என்று கேட்கலாம். இரண்டாவது பதில் அதைத்தான் சொல்கிறது. சோதிக்கச் சொல்வதில் தப்பில்லை. சிக்கல் சோதனையின் அளவில் இருக்கிறது.

மூன்று விளம்பரங்களுக்கு ஆளுக்கு 500 ரூபாய் விடுகிறோம். ஒன்றில் ஒரு ஆர்டர், ஒன்றில் பூஜ்யம், ஒன்றில் இரண்டு. மூன்றாவது "வின்னர்" என்று அறிவித்து அதில் பணத்தைக் கொட்டச் சொல்கிறார்கள். மூன்று விளம்பரங்களும் சரிசமமாக இருந்தாலும் இப்படி ஒரு முடிவு சாதாரணமாக வரும். காசு சுண்டிப் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மாதம் 30 ஆர்டர் வரும் கடையில் ஐந்து ஆறு ஆர்டர் கூடக்குறைய இருப்பது எந்தக் காரணமும் இல்லாமலே நடக்கும். 25 ஆர்டர் வந்த மாதத்துக்கும் 35 ஆர்டர் வந்த மாதத்துக்கும் நாம் சொல்லிக்கொள்ளும் விளக்கங்களில் பாதி, அதிர்ஷ்டத்துக்கு நாம் வைக்கும் பெயர்கள்.

பெரிய நிறுவனங்களுக்கே இந்தத் தலைவலி உண்டு. லூயிஸ், ராவ் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 25 பெரிய இணைய விளம்பரச் சோதனைகள். மொத்தச் செலவு 28 லட்சம் டாலர். அத்தனை பெரிய சோதனைகளிலும் லாபம் எவ்வளவு என்ற மதிப்பீட்டின் ஐயவரம்பு பொதுவாக நூறு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விரிந்திருந்தது. ஒரே சோதனையின் முடிவை "பாதிப் பணம் போயிற்று" என்றும் படிக்கலாம், "பாதி அளவு லாபம் வந்தது" என்றும் படிக்கலாம். காரணம் எளிது. ஒரு மனிதர் எப்போது எவ்வளவு வாங்குவார் என்பது ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால், ஒரு விளம்பரம் அவர்மேல் செய்யும் பாதிப்பு ரொம்பச் சின்னது. இரைச்சலான சந்தையில் ஒருவரின் கிசுகிசுப்பைக் கேட்க முயல்கிறோம்.

இன்னொரு பக்கம் மெட்டாவின் இயந்திரத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தேவை இருக்கிறது. ஒரு விளம்பரத் தொகுப்பு "கற்றல் கட்டம்" தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. ஒரு ஆர்டருக்கு 300 ரூபாய் செலவாகிறது என்றால் வாரம் 15,000 ரூபாய். மாதம் 9,000 போடுகிறவருக்கு இது எட்டாத கனி. கொள்முதலுக்குப் பதிலாக "கார்ட்டில் சேர்த்தது" போன்ற சுலபமான செயலை இலக்காக வைத்தால் 50 சீக்கிரம் வரும். ஆனால் அப்போது இயந்திரம் கார்ட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத் தேடிக் கொண்டுவரும். கேட்டதைத்தானே அது கொடுக்கும்.

ஆக, தினம் 300 ரூபாய்க்கு நாலு விளம்பரம் விட்டால் இயந்திரமும் கற்றுக்கொள்ளாது, நாமும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

சந்தேகவாதிகளிடமும் ஒரு கேள்வி

இவ்வளவும் படித்துவிட்டு "விளம்பரமே ஏமாத்து வேலை" என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். அந்தக் கட்சிக்காரர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் பிராக்டர் அண்ட் கேம்பிள். 2017 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் டிஜிட்டல் விளம்பரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வெட்டினார்கள், விற்பனையில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உண்மைதான். ஆனால் ஏரியலையும் டைடையும் தெரியாத வீடு ஏது? கடை கடையாகப் பொருள் ஏற்கனவே அடுக்கியிருக்கிறது. அவர்கள் விளம்பரத்தை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்பதிலிருந்து, யாருக்கும் தெரியாத கடை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்ற முடிவு வராது.

ஈபே ஆய்வையே முழுசாகப் படித்தால் இது தெரியும். அடிக்கடி வாங்குபவர்கள்மேல் விளம்பரத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, பணத்தில் பெரும்பகுதி அவர்களுக்காகத்தான் போயிற்று. ஆனால் புதியவர்களும் எப்போதாவது வருபவர்களும் விளம்பரத்தால் அசைந்தார்கள். விளம்பரம் வேலை செய்வது தெரியாதவருக்குத் தெரிவிக்கும்போது.

யெல்ப் தளத்தில் 18,000-க்கு மேற்பட்ட உணவகங்களை வைத்து நடந்த சோதனையும் இதே திசையில் போகிறது. குலுக்கலில் தேர்ந்த சுமார் 7,200 உணவகங்களுக்கு மூன்று மாதம் இலவசமாக விளம்பரம் கொடுத்தார்கள். கிளைகள் பரப்பிய சங்கிலி உணவகங்களுக்குப் பயனில்லை. தனிக் கடைகளுக்குப் பயன் கிடைத்தது. அதிலும் நல்ல மதிப்பீடும் நிறைய விமர்சனங்களும் ஏற்கனவே இருந்த கடைகளுக்குக் கூடுதலாக. சின்னக் கடைக்கு இது நல்ல செய்தி, கூடவே ஒரு எச்சரிக்கை: சரக்கு சரியில்லாத கடைக்கு விளம்பரம் கூட்டிக்கொண்டு வருவது கூட்டத்தை மட்டும்தான்.

அப்போ பட்ஜெட் எப்படித்தான் போடறது?

மேலே பார்த்ததிலிருந்து எனக்குத் தோன்றும் ஒழுங்கு இது.

முதலில் லாபக் கணக்கு. கொள்முதல், பேக்கிங், கூரியர், திரும்பி வரும் பார்சல், ஜிஎஸ்டி எல்லாம் போக ஒரு பொருளுக்குக் கையில் நிற்பது எவ்வளவு? இந்த எண் தெரியாமல் ஆட்ஸ் மேனேஜரைத் திறக்கவே கூடாது. ஒரு புதிய கஸ்டமரைக் கொண்டுவர எவ்வளவு கொடுக்கலாம் என்பதன் உச்சவரம்பு இதுதான். அவர் திரும்ப வருவார் என்று பழைய பில் புத்தகம் சொன்னால் மட்டும் வரம்பைக் கொஞ்சம் ஏற்றலாம். "வருவாங்க" என்ற நம்பிக்கையை வைத்து ஏற்றக்கூடாது.

இரண்டாவது, விளம்பரப் பணத்தை இரண்டு பையாகப் பிரிப்பது. ஒன்று, ஏற்கனவே வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்ததற்கு. இன்னொன்று, தெரிந்துகொள்வதற்குக் கொடுக்கும் ஃபீஸ். இரண்டாவது பை முழுசாகப் போனாலும் அடுத்த மாதக் கொள்முதல் நிற்கக்கூடாது. அதனால் அதன் அளவை விற்பனையிலிருந்து எடுக்காமல், போனால் போகட்டும் என்று விடக்கூடிய கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். மெட்டாவில் தினசரி பட்ஜெட் 500 என்று போட்டால் ஒரு நாளில் அதைத் தாண்டியும் செலவாகும், வாரக் கணக்கில்தான் ஏழு மடங்குக்குள் நிற்கும். ஆகவே கணக்கு முழுவதற்கும் செலவு வரம்பு வைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, அந்த ஃபீஸை நாலு துண்டாக உடைக்காமல் ஒரே கேள்விக்குச் செலவு செய்வது. கேள்வி, "எந்த ரீல்ஸ் நல்லா இருக்கு?" என்பதல்ல. "விளம்பரம் இருந்தா எவ்வளவு, இல்லாட்டி எவ்வளவு?" என்பது. இதற்கு மெட்டாவிடம் கன்வர்ஷன் லிஃப்ட் என்ற வசதி உண்டு. ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தைக் காட்டாமல் வைத்து ஒப்பிடும். ஆனால் சின்ன எண்ணிக்கைகளில் அதுவும் தெளிவாகப் பேசாது. கைக்கணக்கிலேயே செய்யக்கூடியது ஊர் பிரித்துப் பார்ப்பது. பழைய ஆர்டர்களைப் பின்கோடு வாரியாகப் பிரித்து, கிட்டத்தட்ட ஒரே அளவு ஆர்டர் வரும் இரண்டு ஊர்க் கூட்டங்களை எடுங்கள். கோவையும் திருச்சியும் ஒரு பக்கம், மதுரையும் சேலமும் மறுபக்கம் என்று வரலாம். சீட்டுப் போட்டு ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு வாரம் விளம்பரம் விடுங்கள். பண்டிகை இல்லாத காலமாக இருக்கட்டும். முடிவில் டேஷ்போர்டைப் பார்க்காமல் மொத்த ஆர்டர் புத்தகத்தைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய 100 ஆர்டர் வரும் நிலையில் 8 ஆர்டர் வித்தியாசம் வந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. 40 வந்தால் இருக்கிறது. நடுவில் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டும். இந்தச் சோதனை நுட்பமான பதிலைத் தராது. "தெளிவாக வேலை செய்கிறது" என்பதையும் "வேலை செய்கிறதா என்று தெரியவில்லை" என்பதையும் மட்டும் பிரித்துக் காட்டும். சின்ன வியாபாரத்துக்கு நேர்மையாகக் கிடைக்கக்கூடிய பதில் அவ்வளவுதான், அதை வைத்தே நிறையப் பணத்தைக் காப்பாற்றலாம்.

நான்காவது, ஏற்றும்போது படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கூடுதலாகப் போட்ட பணத்துக்குக் கூடுதலாக வந்த லாபம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது. கூடுதல் லாபம் கூடுதல் செலவைவிடக் குறைந்த இடத்தில் நிற்க வேண்டும், மொத்த ரோஆஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும். கூடவே, ஏற்கனவே வாங்கியவர்களின் பட்டியலை விளம்பரத்திலிருந்து விலக்கி வைக்கலாம். அவர்களுக்குச் செய்தி சொல்ல வாட்ஸ்அப் இருக்கிறது. இதைச் செய்தால் ரோஆஸ் இறங்கும். ஏஜென்சி பதறும். இறங்கிய அந்த எண்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

இதில் எதுவும் ஒரு நிமிட ரீல்ஸில் அடங்காது. அதனால்தான் சதவீதமும் நாலு என்ற எண்ணும் செல்வாக்கோடு இருக்கின்றன. கேட்டதும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது, நம் கடைக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டிய வேலையும் மிச்சம். விளம்பரம் சொல்லித்தருபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: எவ்வளவு போடலாம் என்று சொல்வதற்கு முன், "உங்க பொருள்ல கையில என்ன நிக்குது? விளம்பரம் போடாத மாசம் எவ்வளவு வித்துது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாதவருக்குப் பட்ஜெட் சொல்லவே வேண்டாம். முதலில் ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.